கம்பி வலையில் நிற்கும் காலுக்கு மருந்து கேட்காது

கேள்வி: சென்னை கொடுங்கையூரில் மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே இரண்டு அடுக்குக் கூண்டில் 11 கினிபிக் வளர்க்கிறேன். குட்டிகளைக் கொளத்தூர் பக்கம் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறேன். எல்லாவற்றுக்கும் நகம் கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. போன வாரம் ஒன்றுக்கு நகம் கூண்டுக் கம்பியில் மாட்டிப் பிய்ந்து ரத்தம் வந்தது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டோம். ஒரு கிலோவைத் தாண்டிய பெட்டை ஒன்று பின்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. உள்ளங்கால் சிவந்து வீங்கி, நடுவில் கறுப்பாகப் பொருக்குக் கட்டியிருக்கிறது. கடைக்காரர் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பில் அரை மில்லி கொடுக்கச் சொன்னார், வாங்கி வைத்திருக்கிறேன். கூண்டுக்குள் எமரி ஷீட் ஒட்டினால் நகம் தானாகத் தேய்ந்துவிடும் என்கிறார். புண்ணுக்கு எதைப் போடலாம்? நகத்தை எப்படி வெட்டுவது? முன்காலில் ஓரமாகக் கூடுதல் நகம் ஒன்று முளைக்கிறதே, அதையும் வெட்டலாமா?

பதில்: தம்பி, முதல் காரியமாக அந்த சிரப்பை எடுத்து ஓரமாக வையுங்கள். பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின் வகை மருந்து வாய் வழியாகப் போனால் கினிபிக்கின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்துப்போகும். காலியான இடத்தை கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பிடித்துக்கொண்டு விஷம் கக்கும். இரை எடுப்பது நிற்கும், கழிச்சல் காணும், அப்புறம் சில நாளில் உயிரே போய்விடும். லின்கோமைசின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் எல்லாம் இதே வகையறாதான். இதற்கு ஒத்துக்கொள்ளும் ஆன்டிபயாடிக் இல்லாமல் இல்லை. என்ரோஃப்ளாக்ஸசின், சல்ஃபாவோடு ட்ரைமெத்தோப்ரிம் சேர்ந்தது போன்றவற்றைக் கால்நடை மருத்துவர்கள் எழுதுகிறார்கள். எடை பார்த்து அளவு சொல்ல வேண்டியவர் அவர். மீன் தீவனம் விற்கிற கடைக்காரர் மில்லி கணக்குச் சொல்ல ஆரம்பித்தால், காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வந்துவிட வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நகம், புண், மருந்து என்று நீளமாக எழுதியிருக்கிறீர்கள். கூண்டின் தரை எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு அடுக்கு, நகம் கம்பியில் மாட்டியது என்று படித்ததுமே தெரிந்துவிட்டது: கம்பி வலைத் தரை. உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாத் தொல்லைக்கும் பாதிக் காரணம் அதுதான். அதை மாற்றாமல் மேலே எதைப் பூசினாலும் வீண்.

அந்தக் கூண்டு முயலுக்கும் காடைக்கும் செய்தது. முயலின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் அடி முழுக்க அடர்த்தியாக முடி இருக்கும். கம்பி மேல் நின்றாலும் அந்த முடி கொஞ்சம் தாங்கும் (அதற்கும் சில நேரம் புண் வருவது வேறு கதை). கினிபிக்கின் உள்ளங்காலில் முடியே கிடையாது, வெறும் மெல்லிய தோல். பெரிய பெட்டையின் ஒரு கிலோ எடையும் மூன்று நான்கு கம்பிக் கோடுகளில் இறங்குகிறது, அதுவும் பகல் ராத்திரி பார்க்காமல். முதலில் தோல் சிவக்கும், வழவழப்பாகும், பிறகு காய்ப்பு விழும். காய்ப்பில் வெடிப்பு விட்டால், கீழே தேங்கிய மூத்திரமும் புழுக்கையும் பட்டு ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி உள்ளே போகும். அதற்குப் பிறகு வீக்கம், சீழ், கறுப்புப் பொருக்கு. இன்னும் விட்டால் தசைநாணையும் எலும்பையும் பிடிக்கும்; அந்த நிலைக்குப் போன காலைக் குணப்படுத்துவது பெரும்பாடு. உங்கள் பெட்டை நடுக்கட்டத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். குட்டிகளுக்கு வேறு ஆபத்து: வலைக் கண்ணுக்குள் கால் இறங்கி, திமிறும்போது எலும்பு முறியும்.

இப்போதே போய் 11 உருப்படிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்கால்களைத் திருப்பிப் பாருங்கள். மல்லாக்கப் போடாதீர்கள், ஒரு கை மார்புக்குக் கீழே, இன்னொரு கை பிட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். நல்ல கால் வெளிர் ரோஸாக, மிருதுவாக, மடிப்புகளோடு இருக்கும். கறுப்பு உருப்படிக்குக் கருஞ்சாம்பல். குதிகால் பக்கம் மடிப்பே இல்லாமல் பளபளவென்று இருந்தால் அது ஆரம்பம். நொண்டுகிற ஒன்றுதான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று உருப்படிகளாவது வரிசையில் நிற்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

வலைத் தரைக் கூண்டை விற்பவர்கள் ஏன் விடாமல் விற்கிறார்கள்? புழுக்கை கீழே விழுந்துவிடும், கூட்ட வேண்டியதில்லை, கடையில் வைத்துப் பார்க்கச் சுத்தமாகத் தெரியும். அவர்களிடம் ஒரு கினிபிக் பத்து நாள் நின்றால் அதிகம். அதற்குள் காலில் ஒன்றும் தெரியாது, வாங்கினவர் வீட்டில்தான் தெரியும். தெரிந்ததும் அவர் திரும்ப அதே கடைக்கு வந்து புண்ணுக்குப் பவுடர் கேட்பார். கூண்டும் அவர்களுடையது, பவுடரும் அவர்களுடையது. 'முயலுக்கும் இதுக்கும் ஒரே கூண்டுதான்' என்று யார் சொன்னாலும், அவர் இரண்டின் காலையும் திருப்பிப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

கூண்டைத் தூக்கிப் போட வேண்டாம். வலைக்கு மேலே சன்பேக் என்ற பிளாஸ்டிக் ஷீட் போடுங்கள். தேர்தல் முடிந்தால் போர்டு போர்டாகக் கிடக்குமே, அதுவேதான். தரை அளவைவிட நாலு பக்கமும் நாலு விரல் கூட வெட்டி, ஓரத்தை மேலே மடக்கி விட்டால் தட்டு மாதிரி நிற்கும், மூத்திரம் கீழ் அடுக்குக்கு ஒழுகாது. மடிப்பைக் கடிக்கும், கடித்தால் மாற்றிக்கொள்ளலாம். அதன் மேல் பழைய பேப்பர் ஏழெட்டுத் தாள், மேலே பழைய காட்டன் லுங்கி இரண்டு மடிப்பாக. ஒரு மூலையில் காய்ந்த புல்லைக் குவித்து வையுங்கள். சாப்பிடுகிற இடத்தில்தான் அதிகம் கழியும், அந்த மூலையை மட்டும் தினமும் மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

துணி என்றேன் என்பதற்காக டர்க்கி டவல் போடாதீர்கள். அதில் நூல் வளையம் வளையமாக நிற்கும். நகம் மாட்டிக்கொண்டு இழுத்தால் வேரோடு வரும். கோணிச் சாக்கு அதைவிட மோசம். பிரிந்த நார் விரலைச் சுற்றி இறுகி, முடிக்குள் மறைந்து, விரல் வீங்கிக் கறுத்த பிறகுதான் தெரியவரும். நெல் வைக்கோலின் வெட்டு முனை உள்ளங்காலில் குத்தும். மரப் பட்டறைத் தூளில் என்ன மரம், என்ன பாலிஷ் கலந்திருக்கிறது என்பது பட்டறைக்காரருக்கே தெரியாது; புண் காலில் அது அப்பிக்கொள்ளவும் செய்யும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடியில் துணி காயாது என்பீர்கள். உண்மைதான். அந்த இரண்டு மாதம் லுங்கியை விட்டுவிட்டுப் பேப்பரை மட்டும் கிழித்துத் தடிமனாகப் போட்டு, காலையும் மாலையும் மாற்றுங்கள். ஈரத் துணிக்குக் காய்ந்த பேப்பர் எவ்வளவோ மேல். போதுமான அளவு சுத்தம் செய்கிறோமா என்று தெரிய, உங்கள் மூக்கைக் கூண்டுத் தரை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். நெடி கண்ணைக் கரித்தால், கினிபிக் நாள் முழுக்க அந்த நெடியில்தான் இருக்கிறது, அதன் காலும் அந்த ஈரத்தில்தான் ஊறுகிறது.

எமரி ஷீட் விஷயம்: நகத்துக்கு முன்னால் உள்ளங்கால்தான் அதில் தேயும். புண் இல்லாத காலிலும் புண் வரும். கிழித்துப் போடுங்கள். வேண்டுமானால் தண்ணீர்ப் பாட்டிலுக்குக் கீழே மட்டும் ஒரு துண்டுக் கடப்பா கல் வையுங்கள். நகம் பெரிதாகத் தேயாது என்றாலும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் அது குளிர்ச்சிக்கு ஆகும்.

இப்போது நகம். முன்காலுக்கு நான்கு, பின்காலுக்கு மூன்று என்று மொத்தம் 14. மாதம் ஒரு தடவை வெட்டினால் கொக்கி விழாது. நீண்ட நகத்தால் விரல் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும், எடை முழுக்கக் குதிகாலுக்குப் போகும். அங்கேதான் புண் கிளம்புகிறது. அதனால் நகம் வெட்டுவதும் புண் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். குழந்தைக்கு வெட்டுகிற நெயில் கட்டர் போதும். வீட்டில் ஒருவர் மடியில் துணி விரித்து உட்கார வைத்துக் கொத்தமல்லித் தழையைக் காட்டட்டும், நீங்கள் வெட்டுங்கள். வெள்ளை நகத்தில் உள்ளே சிவப்பாக ரத்தக் குழாய் தெரியும்; அது முடிகிற இடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் தெரியாது. போன் டார்ச்சை நகத்துக்குக் கீழே பிடித்தால் உள்ளே கெட்டியான நிழல் ஒன்று தெரியும், அதைத் தொடாதீர்கள். உங்களிடம் இருப்பவை ரொம்ப நாள் விட்ட நகங்கள், ரத்தக் குழாயும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். வாரம் ஒரு முறை நுனியை மட்டும் எடுத்துக்கொண்டே வந்தால் குழாயும் மெதுவாகப் பின்வாங்கும்.

ரத்தம் வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். சுத்தத் துணியால் சில நிமிடம் விடாமல் அழுத்தி, சமையலுக்கு வைத்திருக்கிற கான்ஃப்ளவர் மாவில் நுனியை அமுக்குங்கள். நகம் பிய்ந்த உருப்படிக்கு வேர் பாழாகாமல் இருந்தால் திரும்ப முளைக்கும். காலை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. பிறகு போவிடோன் அயோடினை டீத் தண்ணீர் நிறத்துக்கு நீர்க்கவிட்டுத் தொட்டு வையுங்கள். மஞ்சளும் எண்ணெயும் இனி வேண்டாம். எண்ணெயில் தூசியும் முடியும் ஒட்டிக் களிம்பாகிவிடும், உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்கும் தெரியாது. நியோமைசின், பாசிட்ராசின் கலந்த புண் பவுடரும் வேண்டாம். கினிபிக் தன் காலை நக்கும், நக்கினால் பாசிட்ராசின் வயிற்றுக்குப் போகும், முதலில் சொன்ன குடல் பிரச்சினைதான் வரும்.

பெரிய பெட்டையின் கறுப்புப் பொருக்கைப் பிய்க்காதீர்கள், அழுத்திச் சீழ் எடுக்கவும் பார்க்காதீர்கள். நாளையே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில், துணைக்கு இன்னொரு கினிபிக்கை வைத்து, வெயிலுக்கு முன்னால். ஆன்டிபயாடிக்கோடு வலி குறைக்கும் மருந்தும் கேளுங்கள். வலித்தால் கினிபிக் சத்தம் போடாது, சாப்பாட்டைக் குறைக்கும். அதன் குடல் ஒரு நாள் ஓடாமல் நின்றாலே ஆபத்து. வீட்டில் இருக்கிற நம் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, திறந்த புண்ணில் ஈ உட்காராமல் பாருங்கள். புழு வைத்துவிட்டால் மாட்டுப் புண்ணுக்கு ஊற்றுவது போல டர்பன்டைன் ஊற்றிவிடாதீர்கள், இந்தச் சின்ன உடம்பு தாங்காது.

புண் ஆற வைட்டமின் சி வேண்டும். கினிபிக்கின் உடம்பு அதைத் தானாகத் தயாரிக்காது, நம்மைப் போலத்தான். 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் தானியத்தை மட்டும் போட்டு வளர்த்த கினிபிக்குகளுக்கு ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்ததைப் பார்த்துத்தான் அந்த நோயின் ஆராய்ச்சியே வேகம் பிடித்தது. முயல் தன் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும், அதனால் முயல் பெல்லட்டில் (குச்சித் தீவனத்தில்) அதைச் சேர்க்க மாட்டார்கள். நீங்கள் அதைத்தான் போடுகிறீர்கள் என்றால் காலில் புண் வந்ததிலும், வந்தது ஆறாததிலும் ஆச்சரியமில்லை. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். புண்ணோ சினையோ இருந்தால் இன்னும் கூட. தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்துக்குக் காசு கொடுக்காதீர்கள். வெளிச்சத்திலும் சூட்டிலும் தண்ணீரில் கரைந்த வைட்டமின் சி சீக்கிரம் வீணாகும், உங்கள் மாடியில் கேட்கவே வேண்டாம். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. மூலக்கடை தள்ளுவண்டியில் ஒரு பழம் வாங்கினால் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஆகும், ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு. பெரிய பெட்டைக்குப் பெல்லட்டைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். எடை குறைந்தால் கால் மேல் சுமையும் குறையும்.

கடைசிக் கேள்வி: முன்கால் ஓரத்தில் முளைப்பது நகம் இல்லை, வெறும் தடித்த தோல். நிறைய உருப்படிகளுக்கு வரும், வலிக்காது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவிட்டு, காய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மட்டும் கட்டரால் எடுக்கலாம். கையால் இழுத்துப் பிய்க்க வேண்டாம், அடியில் பச்சைத் தோல் இருக்கிறது.