பிள்ளை நேபாளத்துக்குப் போகணுங்காளா, அண்ணாச்சி?

அண்ணாச்சிக்கு வணக்கம். மூன்றாம் வருடம் சிவில் இன்ஜினியரிங் படிக்கிற மகள், லீவில் மூன்று வாரம் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்த ஜாஜர்கோட் பக்கம், ஒரு ஏஜென்சி மூலம் தன்னார்வலராகப் பள்ளிக்கூடம் கட்டப் போகணும் என்கிறாள், விடலாமா, படிப்புக்கு ஏதும் பிரயோஜனம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். விடலாம். ஆனால் அவள் இன்ஜினியராகப் போகிறாளா, கையாளாகப் போகிறாளா என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் என் அக்கா வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குச் சேறு. மூன்றாம் நாள் வேனில் வந்தவர்கள் பழைய துணி மூட்டைகளை இறக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நனைந்து நாறிய அந்த மூட்டைகளை அப்புறப்படுத்தவே எங்களுக்கு அரைநாள் ஆயிற்று. மறுநாள் நாலு காலேஜ் பையன்கள் வந்தார்கள். நேரே வீட்டுக்குள் இறங்கிச் சேற்றை அள்ளப் போனவர்களை அக்கா தடுத்து, "மொதல்ல வாருகாலத் தோண்டுங்கய்யா, தண்ணி வடியட்டும்" என்று மண்வெட்டியைக் கொடுத்தாள். வாருகால், அதாவது தெருச் சாக்கடை, எங்கே அடைத்திருக்கிறது என்று அந்தத் தெருக்காரிக்குத்தானே தெரியும்? சாயங்காலத்துக்குள் தெருவே வடிந்துவிட்டது.

ஜாஜர்கோட்டிலும் இதே கதைதான். 2023 நவம்பர் 3 இரவு வந்த நிலநடுக்கத்தில் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மலைப்பக்கம் பழைய வீடுகள் பெரும்பாலும் மண்சாந்து வைத்து அடுக்கிய கல் சுவர்கள். உள்பக்கக் கல்லையும் வெளிப்பக்கக் கல்லையும் கோக்கிற நீளக்கல் இல்லாவிட்டால், ஆட்டத்தில் சுவர் இரண்டாகப் பிளந்து விழும். கல் அடுக்குவது அங்குள்ள கொத்தனாருக்குக் கைப்பழக்கம். உங்கள் பிள்ளை அவருக்குக் கல் எடுத்துக் கொடுக்கிற கையாள். "நான் இன்ஜினியர்" என்று போய் நின்றால் முதல் நாளே மனசு உடைந்துவிடும்.

ஏஜென்சி கேட்கிற தொகையில் ஊர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். சும்மா வேலை செய்ய வெளியூர்ப் பிள்ளைகள் வந்து, வீடிழந்தவனின் கூலியும் போனால் அதற்குப் பெயர் உதவியா? நோட்டீஸில் "அனாதை இல்லத்தில் இரண்டு நாள்" என்று இருப்பதை எடுக்கச் சொல்லுங்கள். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் காசுக்காகத் தாய் தகப்பன் இருக்கிற பிள்ளைகளையும் இல்லங்களில் கொண்டு சேர்க்கிறார்கள் என்று யுனிசெஃப்பே எச்சரித்தது.

படிப்புக்குப் பிரயோஜனம் உண்டு, சர்டிபிகேட்டால் அல்ல. மண்சாந்து வைத்த கல் சுவர்களை நிலநடுக்கம் தாங்கும்படி கட்டுவதற்கு நம் நாட்டிலேயே ஐஎஸ் 13828 என்று ஒரு இந்தியத் தர வழிகாட்டி நூல் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் போகட்டும். நீளக்கல் எத்தனை அடிக்கு ஒன்று வைக்கிறார்கள், கதவு, ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் சுவர்களைச் சேர்த்துக் கட்டுகிற பெல்ட் எப்படி ஓடுகிறது என்று தினமும் நோட்டில் வரைந்து வைத்தால், பிறகு ரூர்க்கி ஐஐடியில் நிலநடுக்கப் பொறியியல் எம்.டெக். படிக்க நினைத்தாலும், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பேரிடர் மேலாண்மைக்குப் போனாலும், பேச அவளிடம் சொந்தமாக விஷயம் இருக்கும். முதலாவதற்கு எம்.டெக். நுழைவுத் தேர்வான கேட் வேண்டும், அது தனிக்கதை.

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை அவசியம். ஆதாரை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். டெட்டனஸ், டைபாய்டு ஊசி, பயணக் காப்பீடு மூன்றையும் இப்போதே பாருங்கள். ஜூன் பாதிக்கு மேல் மழைக்காலம், மலைப்பாதையில் நிலச்சரிவு. மே மாதமே போய்த் திரும்பிவிட வேண்டும்.

அதற்கு முன்னால் உங்கள் தெருவில் நடக்கிற ஏதாவது ஒரு கட்டட வேலையில், கொத்தனாரிடம் சொல்லி ஒரு வாரம் சாந்துச் சட்டி தூக்கட்டும். கையில் கொப்புளம் வந்த பிறகும் போகணும் என்றால், அவளையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை பாளையங்கோட்டைக்கு வாங்க, டிக்கெட் பார்ப்போம்.