ஜீனோம் படிக்க ஆசைப்படும் மகள்: கோத்தகிரி அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

நீட் வேண்டாம், ஜீனோம் சீக்வென்சிங் (ஓர் உயிரின் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிப்பது) விஞ்ஞானி ஆகிறேன் என்கிறாள் மகள். பச்சைத் தேயிலை விலையை நம்பியிருக்கிற வீட்டுக்கு இது ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒத்துவரும். ஆனால் பயோடெக் என்று போர்டு போட்ட ஏதோவொரு கல்லூரியில் அவசரப்பட்டுச் சேர்த்துவிடாதீர்கள்.

உலகமெங்கும் இன்று பரவலாக ஓடும் சீக்வென்சிங் முறையை உருவாக்கியவர்கள் கேம்பிரிட்ஜின் சங்கர் பாலசுப்ரமணியனும் டேவிட் கிளெனர்மனும். முன்னவர் சென்னையில் பிறந்தவர். இருவருமே வேதியியல்காரர்கள். டி.என்.ஏ. துண்டுகளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அதற்கு ஜோடியான எதிர் இழையை ஒவ்வோர் எழுத்தாகக் கட்டுகிறார்கள். எழுத்து என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதிப்பொருள்களில் ஒன்று. எழுத்தோடு ஒளிரும் சாயமும், அடுத்தது வந்து ஒட்டாதபடி ஒரு தடுப்பும் இருக்கும். எந்த எழுத்து ஒட்டியது என்று அறிய அந்த ஒளியைக் கேமரா படமெடுத்ததும், சாயம், தடுப்பு இரண்டையும் நீக்கிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவார்கள். சாயமும் தடுப்பும் வேதியியல், படமெடுப்பது இயற்பியல், துண்டுகளைக் கோத்து 300 கோடி எழுத்துகள் கொண்ட மனித ஜீனோமைப் படிப்பது கணக்கும் கம்ப்யூட்டரும். உயிரியல் மட்டும் தெரிந்தால் கருவியைப் பயன்படுத்தலாம். புதுக் கருவி செய்ய மற்றவையும் வேண்டும். உங்கள் மகள் ஆசைப்படுவது கருவி செய்யத்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது.

உங்கள் மலைக்கும் இதில் வேலை இருக்கிறது. இந்தியாவில் அரிவாள் செல் மரபுக்கூறு முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் அரிவாள் செல் நோய், டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் வருவது. கூடலூர்ப் பக்கம் இன்றும் குழந்தைகள் அந்த வலியோடு வளர்கிறார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். ஐசரில் (மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். பட்டம்; அப்புறம் பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும். ஆனாலும் இருபத்தெட்டு, முப்பது வயதுவரை நிரந்தர வேலை என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாது. கல்யாணப் பேச்சு நிச்சயம் வரும். அந்த நேரத்தில் நீங்கள் அவள் பக்கம் நிற்க வேண்டும். எம்.எஸ்.ஸோடு நிறுத்தினாலும், புரோகிராமிங் கைவந்தவளுக்கு பெங்களூரு, ஹைதராபாத்தில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் (உயிரியல் தரவுகளைக் கம்ப்யூட்டரில் அலசுவது) பக்கம் வழி உண்டு.

ஐசரில் சேர ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் உயிரியலோடு இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் வரும். ப்ளஸ் டூவில் அவள் பயோ-மேத்ஸா, ப்யூர் சயின்ஸா என்று நீங்கள் எழுதவில்லை. கணக்கு இல்லாத குரூப் என்றால் இந்த வாரமே தெரியப்படுத்துங்கள். எந்தப் பாடத்திலிருந்து தொடங்குவது என்று எழுதுகிறேன்.