பிராட்பேண்ட் மாற்றியதும் மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை. ஏன்?

ஈரோட்டில் இணைப்பை மாற்றியதிலிருந்து கம்பெனி மெயில் அனுப்ப முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. இணைப்பு தருபவர் 25-ஆம் எண் போர்ட்டை, அதாவது தகவல் போய்வரும் எண்ணிட்ட வாசல்களில் ஒன்றை, அடைத்திருப்பார். மெயில் சர்வர்கள் தங்களுக்குள் மெயிலைக் கைமாற்றிக்கொள்ளும் வழி அது; உங்கள் மெயிலும் அதன் வழியேதான் போய்க்கொண்டிருந்திருக்கும். 1982-இல் மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி முறையை வகுத்தபோது, அனுப்புபவர் யாரென்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அதன் வழியே ஸ்பேமைக் கொட்டவே, பல நிறுவனங்கள் அதை மூடிவிட்டன. மெயில் வாங்குவது 993, 995 போன்ற வேறு போர்ட்டுகளில் என்பதால் அதற்குத் தடையில்லை.

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியிலும் இதே கதைதான். பையருக்குப் போக வேண்டிய பேக்கிங் லிஸ்ட் இரண்டு நாள் அவுட்பாக்ஸிலேயே கிடந்தது. கஸ்டமர் கேரில் கேட்டால் மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்பதே பதில். அடைத்தது நியாயம்தான், ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் அடைத்ததை என்னால் இன்னமும் ஏற்க முடியவில்லை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். மெயில் செட்டிங்ஸில் வெளிச்செல்லும் சர்வரின் போர்ட்டை 587 என்று மாற்றி, பாதுகாப்பு முறையாக ஸ்டார்ட்டிஎல்எஸ் (STARTTLS) தேர்ந்தெடுங்கள். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து அனுப்பும் வசதியையும் இயக்குங்கள். அது சரிவராவிட்டால் போர்ட் 465, பாதுகாப்பு முறை எஸ்எஸ்எல் (SSL). அப்புறம், ஸ்கேன் செய்து நேராக மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின் இருந்தால் அதிலும் மாற்றுங்கள். நாங்கள் அதை மறந்துவிட்டு இன்னொரு நாள் அலைந்தோம்.