சமையல் கேள்வி பதில்: ஓவனில் தட்டை, நாடா, மிக்சர்

எண்ணெயில் பொரிக்க வைத்திருந்த தட்டை மாவையே ஓவனில் 180 டிகிரியில் வைத்தேன். தட்டை கல்லாகிவிட்டது, அதில் இருந்த கடலைப் பருப்பு அதைவிடக் கல். என்ன தவறு? (வாசகி, கும்பகோணம்)

பொரிக்கும் மாவை அப்படியே சுட்டதுதான் தவறு. கொதிக்கும் எண்ணெயில் மாவிலுள்ள தண்ணீர் சடசடவென்று ஆவியாகி வெளியேறும். அது விட்டுப்போகும் பொடித் துளைகளால்தான் மொறுமொறுப்பு வருகிறது. ஓவன் காற்று அவ்வளவு வேகமாகச் சூடேற்றாது. துளை விழுவதற்குள் அரிசி மாவு இறுகிவிடும். அதனால் எண்ணெயை முதலிலேயே மாவுக்குள் சேர்த்துவிட வேண்டும்.

அரிசி மாவு 1 கப் (150 கிராம்), பொட்டுக்கடலை மாவு கால் கப், வறுத்து அரைத்த உளுந்து மாவு 1 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள், பெருங்காயம், எள், உப்பு. இதில் 3 மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய் விட்டு விரல் நுனியால் நன்றாகப் பிசிறுங்கள். பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்த பிறகே தண்ணீர், அதுவும் வெந்நீர். கால் கப்பில் தொடங்கி, மாவு ஒன்றுசேரும் வரை தெளித்துப் பிசையுங்கள்.

கடலைப் பருப்பை விட்டுவிடுங்கள். ஊறிய பருப்பு எண்ணெயில் பொரிந்துவிடும். ஓவனில் ஊறிய நீர் வற்றி, மறுபடி டப்பாவில் இருந்த பழைய பருப்பாகிவிடும். பதிலுக்கு வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துச் சேர்க்கலாம். கறிவேப்பிலையைப் பொடியாக நறுக்கி மாவுக்குள் பிசைந்துவிடுங்கள், மேலே ஒட்டினால் கருகும்.

இரண்டு பேக்கிங் பேப்பர்களுக்கு நடுவே உருண்டையை வைத்து 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். நடு தடித்து ஓரம் மெலிந்தால், ஓரம் கருகும்போது நடு வேகாமல் இருக்கும். உப்பாமலிருக்க முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்துங்கள். 180 டிகிரி அதிகம், மிளகாய்த்தூள் கசந்துவிடும். 10 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில், நடுத்தட்டில், 160 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம். பன்னிரண்டாவது நிமிடத்தில் திருப்பிப் போடுங்கள். அணைத்தபின் கதவை லேசாகத் திறந்து, தட்டை உள்ளேயே 10 நிமிடம் விடுங்கள். மீதி ஈரம் போவது அப்போதுதான்.

மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்த பிறகு இதில் ஆரோக்கியம் எங்கே இருக்கிறது? (வாசகர், சேலம்)

நியாயமான கேள்வி. 3 மேசைக்கரண்டி என்பது ஏறக்குறைய 40 கிராம். மேலே சொன்ன மாவில் 25 தட்டை வரும், ஒன்றுக்கு 1.6 கிராம் எண்ணெய்; மாவும் சேர்த்து ஒரு தட்டைக்கு ஏறக்குறைய 40 கலோரி. நீங்கள் ஊற்றியதற்கு மேல் ஒரு துளியும் சேராது, காய்ந்த எண்ணெயை மறுநாள் மறுபடி சூடாக்கும் வேலையும் இல்லை. லாபம் அவ்வளவுதான். அரிசி மாவும் உப்பும் அதேதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'சுட்டதுதானே' என்று பத்து தட்டையை உள்ளே தள்ளக் கூடாது.

முறுக்கு, சீடை சுட முடியுமா? (வாசகி, நாகர்கோவில்)

சீடை வேண்டாம், கோலிக்குண்டு ஆகிவிடும். தடித்த முறுக்கும் சரிப்படாது: வெளியே சிவக்கும், சுற்றின் நடுவில் ஈரம் நிற்கும். நாடா நன்றாக வரும். தட்டை மாவைச் சற்றுத் தளர்த்தி, தட்டின் மேலேயே விரல் நீளத் துண்டுகளாகப் பிழிந்து 160 டிகிரியில் 15 நிமிடம். வெளிறித் தெரிந்தால் அடுத்த முறை தண்ணீரில் பாதிக்குப் பால் சேருங்கள், நிறம் பிடிக்கும். நிறத்துக்காகச் சோடா உப்பை அள்ளிப் போட்டால் சோப்பு வாசனைதான் மிஞ்சும்.

கம்பு மாவில் செய்தால் கசக்கிறது. (வாசகி, விருதுநகர்)

மாவு பழையது. கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்த சில நாட்களிலேயே காறல் பிடிக்கத் தொடங்கும். கம்பை வறுத்து, தேவைக்கு மட்டும் அரைத்து, உடனே பயன்படுத்துங்கள். பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்தால் தட்டும்போது விரிசல் விடாது.

எண்ணெய் மிகக் குறைவாக ஒரு மிக்சர் சொல்லுங்கள். (வாசகர், கோவை)

ஓவனுக்கென்றே பிறந்தது அவல் மிக்சர். மெல்லிய அவல்தான் வேண்டும். கெட்டி அவல் எண்ணெயில்தான் பொரியும், இங்கே நறநறக்கும். அவல் 2 கப், 140 டிகிரியில் 8 நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறி. வேர்க்கடலை அரை கப் தனியாக, 160 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கடலை வேகுமுன் அவல் கருகும். 2 தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பொட்டுக்கடலை தாளித்து, அடுப்பை அணைத்தபின் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துக் கலந்துவிடுங்கள். உப்பைத் தூளாகப் பொடித்துக்கொள்ளாவிட்டால் அடியில் தங்கும்.

வீட்டில் மைக்ரோவேவ்தான் இருக்கிறது. ஏர் ஃப்ரையரும் வாங்கலாமா என்று யோசனை. (வாசகி, தஞ்சாவூர்)

மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் வசதி (ஓவன் போலச் சூடான காற்றைச் சுழற்றுவது) இருந்தால் அதுவே போதும். வெறும் மைக்ரோவேவில் தட்டை ரப்பராகி, பிறகு திடீரெனக் கருகும். ஏர் ஃப்ரையரில் நேரம் நாலில் ஒரு பங்கு குறையும், ஆனால் ஒரு தடவைக்கு ஆறேழு தட்டைதான் வைக்க முடியும். அவலை அதில் போடாதீர்கள். விசிறிக் காற்றில் பறந்து மேலே உள்ள கம்பியில் ஒட்டும். பொட்டலம் கட்டும் மலிவு பட்டர் பேப்பரும் ஆகாது: மாவு அதில் ஒட்டும், தாளும் கருகும்.

இரண்டே நாளில் நமத்துப்போகிறதே? (வாசகர், மதுரை)

சூட்டோடு டப்பாவில் மூடியிருப்பீர்கள். கம்பித் தட்டில் முக்கால் மணி நேரம் ஆறட்டும். நமத்ததை 120 டிகிரியில் 8 நிமிடம் வைத்தால் மீண்டும் மொறுமொறுக்கும். காறல் வாசனை வந்துவிட்டால் அதற்கு வழி இல்லை. வேர்க்கடலை சேர்த்ததுதான் முதலில் காறும், அதைப் பத்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.