கப்பலேறிய தாத்தா: அடிமையா, ஒப்பந்தக் கூலியா?

கடலூர் முதுநகர் வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் எள்ளுத் தாத்தாவின் தம்பியைப் புதுச்சேரியில் 'அடிமையாகப் பிடித்துக் கப்பலேற்றிவிட்டார்கள்' என்று பாட்டி சொல்வார். இப்போது இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர்களுடைய ரீயூனியன் தீவில் உள்ள தூரத்து உறவினர் 1864ஆம் வருடத்துத் தாள் ஒன்றின் நகலை அனுப்பியிருக்கிறார். பெயர், தகப்பன் பெயர், ஊர், ஒரு எண் எல்லாம் இருக்கின்றன. குடும்ப வரலாற்றில் அவரை என்னவென்று எழுதுவது?"

ஒப்பந்தக் கூலி என்று எழுதுங்கள். தாளில் உள்ள வருடமே போதும். பிரெஞ்சு அரசு 1848ல் அடிமை முறையை ஒழித்தது. ரீயூனியனில் அந்த வருடம் டிசம்பர் 20ஆம் தேதி அறுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலையானார்கள். அதற்குப் பிறகு அந்தத் தீவில் யாரும் யாருக்கும் சட்டப்படி சொத்து அல்ல. ஆனால் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! 1861ல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை போட்டுக்கொண்டு, ஆங்கிலேயர் ஆண்ட ஜில்லாக்களிலும் ஆள் எடுத்தார்கள். கடலூர்க்காரர் புதுச்சேரியில் கப்பலேறியது இந்த வழியில்தான். ஊர் ஊராக ஆள் சேர்த்தவர்கள் மேஸ்திரிகள்.

அடுத்த தடயம், தகப்பன் பெயர். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1723ல் ரீயூனியனுக்கு வந்த அடிமைச் சட்டத்தின்படி அடிமை என்பவர் அசையும் சொத்து. மாடு, வண்டி மாதிரி விற்கலாம், பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கலாம். தாய் அடிமை என்றால் பிறக்கும் குழந்தையும் அடிமை. தகப்பன் யார் என்று சட்டம் கேட்காது. அவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. 1848க்குப் பிறகுதான் அதிகாரிகள் ஆளுக்கொரு பெயர் வைத்துப் பதிந்தார்கள். உங்கள் தாத்தாவோ தகப்பன் பெயரோடும் ஊரோடும் பதிவானவர். தோட்ட முதலாளி வாங்கியது அவருடைய ஐந்து வருட உழைப்பை. அங்கே அவருக்குப் பிறந்த பிள்ளை ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டதல்ல.

சரி, அப்படியானால் பாட்டி சொன்னது பொய்யா? இல்லை. உடன்படிக்கைத் தாளில் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேர வேலை, முடிந்ததும் செலவில்லாமல் ஊர் திரும்பக் கப்பல் என்று அழகாகத்தான் எழுதியிருந்தது. நடந்தது வேறு. அனுமதியில்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை. வேலைக்கு வராத நாளுக்குக் கூலிப் பிடித்தம். ஒப்பந்தத்தை ஒரு முதலாளி இன்னொருவருக்குக் கைமாற்றிவிடலாம். ஆளை விற்கவில்லை, தாளைத்தான் விற்றோம் என்பார்கள்! புகார்கள் குவிந்து, 1877ல் இரு நாட்டுக் குழு போய் விசாரித்தது. 1882ல் ஆங்கிலேய அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது.

பாட்டியின் சொல்லுக்கு இன்னொரு வேரும் இருக்கலாம். கூலிக் கப்பல்களுக்கு வெகு முன்பே இந்தக் கடற்கரையிலிருந்து நிஜமான அடிமைகள் போயிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தில் அடிபட்டவர்களை டச்சுக்காரர்கள் வாங்கி இலங்கைக்கும் படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். புதுச்சேரியில் ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாக விற்றதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1743ல் பதிவு செய்கிறது. 'பிடித்துக்கொண்டு போனார்கள்' என்ற பேச்சு அந்த நாளிலிருந்தே இங்கே புழங்கி, பிறகு மேஸ்திரிமார் மேலும் ஏறியிருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே 'ஒப்பந்தக் கூலி' என்று எழுதி, அடுத்த வரியில் பாட்டி சொன்ன வார்த்தையையும் அப்படியே எழுதுங்கள். இரண்டும் இருக்கட்டும்.

அப்புறம், தேடும்போது ஒரு எச்சரிக்கை. 'மலபார்' என்று கண்டதும் கேரளம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் தமிழரைத்தான் அப்படி அழைத்தார்கள். ரீயூனியன் தமிழர் இன்றும் 'மல்பார்'தான். 1848க்கு முந்தைய பதிவில் அந்தச் சொல் இருந்தால் அடிமையாகவும் இருக்கலாம், கூலியாகவும் இருக்கலாம். 1820களின் கடைசியிலேயே புதுச்சேரி, ஏனாம் பக்கமிருந்து ஒப்பந்த ஆட்கள் போய், அடிமைகளோடு ஒரே காலத்தில் தோட்டங்களில் வேலை செய்திருக்கிறார்கள். அங்கே வருடத்தை மட்டும் நம்பாமல் ஒப்பந்த ஆளுக்குரிய பதிவு எண்ணும் தகப்பன் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் தாளில் உள்ள எண்ணைப் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். தீவின் தலைநகர் செயின் தெனியிலுள்ள ரீயூனியன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதும்போது அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். பெயரைக் கொண்டு தேடினால் திண்டாட்டம்தான். பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதில் ஒரே முத்துசாமி நாலு விதமாக இருப்பார்.