பல் செராமிக்கில் முறிவுத் தாங்குதிறனை அளப்பது: கேள்வி பதில்

கேள்வி: வளைவு வலிமை தெரிந்தால் போதாதா? ஃபிராக்சர் டஃப்னெஸ், அதாவது முறிவுத் தாங்குதிறன், தனியாக எதற்கு?

போதாது. வலிமை அந்தத் துண்டில் உள்ள மோசமான குறையைப் பொறுத்தது. மெருகேற்றிய பட்டைக்கு ஓர் எண் வரும், அதையே கரடாகத் தேய்த்தால் வேறு எண். தாங்குதிறன் என்பது விரிசல் இருக்கும்போதே பொருள் எவ்வளவு பிடித்து நிற்கிறது என்பது. விரிசல் ஆழம் நான்கு மடங்கானால் வலிமை பாதியாகும், தாங்குதிறன் மாறாது. பல் செராமிக் வகைகளில் ஃபெல்ட்ஸ்பார் போர்சலினுக்கு இந்தத் தாங்குதிறன் சுமார் 1, லித்தியம் டைசிலிகேட்டுக்கு 2 முதல் 3 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர் (தாங்குதிறனின் அலகு).

கேள்வி: எங்கள் லேபில் விக்கர்ஸ் கருவிதான் (வைர முனையை அழுத்திக் கடினத்தன்மை அளப்பது) இருக்கிறது. அது பதிக்கும் குழியின் மூலைகளில் ஓடும் விரிசலை அளந்து கணக்குப் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த விரிசல் ஓடி நின்றுபோன விரிசல், முறியும் தருணத்தில் அளந்தது அல்ல. சூத்திரங்களோ ஏராளம், ஒரே குழிக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை தரும். விரிசலின் நுனி எங்கே முடிகிறது என்பதில்கூட இரண்டு பேர் ஒத்துப்போக மாட்டார்கள். க்வின், பிராட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-லேயே இந்த முறை வேண்டாம் என்று காரணங்களோடு எழுதிவிட்டார்கள்.

கேள்வி: அப்போ எதைச் செய்வது?

வி வடிவ வெட்டு முறை. பல் செராமிக்குக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 6872-இலும் இருக்கிறது. சில பட்டைகளை வரிசையாக ஒட்டி, வைர பிளேடால் மெல்லிய வெட்டுப் போட்டு, அதற்குள் வைரப் பசை தடவிய ரேசர் பிளேடை லேசான அழுத்தத்தில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். பொறுமை வேண்டும், அவசரப்பட்டு அழுத்தினால் நுனி மழுங்கிவிடும். அப்புறம் நான்கு புள்ளி வளைவில் (கீழே இரண்டு தாங்கிகள், மேலே இரண்டு இடங்களில் சுமை) முறித்து, முறிந்த முகத்தில் வெட்டின் ஆழத்தை மைக்ராஸ்கோப்பில் மூன்று இடங்களிலாவது அளந்து சராசரி எடுங்கள்.

கேள்வி: இதே முறையில் சிர்கோனியாவுக்கு 7, 8 வருகிறதே, நம்பலாமா?

3ஒய் வகை (3 மோல் சதவீதம் இட்ரியா சேர்த்தது) என்றால் முதலில் வெட்டின் நுனியைத்தான் சந்தேகப்படுவேன். அதன் படிக மணிகள் அரை மைக்ரான் அளவுதான், ரேசர் நுனியோ சில மைக்ரான். மணியோடு ஒப்பிட்டால் அது விரிசலே அல்ல, வளைந்த பள்ளம். அதனால் எண் ஏறும். உண்மையான கூர்விரிசல் வைத்து அளந்தால் பெரும்பாலும் 4, 5 பக்கம்தான் நிற்கும்.

கேள்வி: தண்ணீரில் வைத்துச் சோதிக்கலாமா?

ஈரம் விரிசல் நுனியில் பிணைப்பை அறுக்கும், சுமை குறைவாக இருந்தாலும் விரிசல் மெல்ல நகரும், எண் இறங்கிவிடும். வாயில் நடப்பது அதுதான் என்பதால் அவசியம் பாருங்கள், ஆனால் தனிச் சோதனையாக.