அடிப்படைக் கடமைகள்: கேள்வி பதில்

வணக்கம். இன்றைக்கு குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைப் பட்டியலிடும் அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு மட்டும்தான். பட்டா, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை எல்லாம் இன்னொரு நாள் பார்க்கலாம்.

குரூப் 2 தேர்வுக்குப் படிப்பவர்: சார், அடிப்படைக் கடமைகள் பத்தா, பதினொன்றா? என்னிடம் உள்ள இரண்டு புத்தகங்களும் வேறு வேறு சொல்கின்றன.

பதினொன்று. 1976-ல் 42-வது திருத்தம் பத்துக் கடமைகளைக் கொண்டுவந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு தர வேண்டிய பெற்றோரின் கடமையை 2002-ல் 86-வது திருத்தம் சேர்த்தது. பத்து என்று சொல்லும் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள்.

ஈரோடு வியாபாரி: வரி கட்டுவதும் ஓட்டுப் போடுவதும் அடிப்படைக் கடமை என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்ததே?

இரண்டும் 51ஏ-வில் இல்லை. வரியையும் சேர்க்கச் சொன்னது, 1976-ல் கடமைகளைப் பரிந்துரைத்த ஸ்வரண் சிங் கமிட்டி. கடமை தவறுகிறவர்களுக்குத் தண்டனை விதித்து நாடாளுமன்றம் சட்டம் போடலாம், அடிப்படை உரிமையைக் காட்டி அந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கக் கூடாது என்றும் அது பரிந்துரைத்தது. நெருக்கடி நிலையை அறிவித்த அரசே இவற்றை எடுத்துக்கொள்ளவில்லை என்றால் பாருங்கள். வரி கட்டாதவரை வரிச் சட்டம் பார்த்துக்கொள்ளும், அதற்கு 51ஏ தேவையில்லை. ஓட்டைப் பொறுத்தவரை, உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்க குஜராத் முயன்றது. 2015-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது.

இந்தப் பட்டியல்களின் அடியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: ‘கடமையைச் செய்யாதவனுக்கு உரிமை கேட்க அருகதை இல்லை’. அரசமைப்புச் சட்டத்தில் எந்த இடத்திலும் அப்படி இல்லை. ஏரியில் குப்பை கொட்டியவருக்கு அபராதம் போடலாம். அதற்காக அவரை விசாரணை இல்லாமல் உள்ளே வைக்க முடியாது.

திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்: காலை வணக்கத்தில் தேசிய கீதம் பாடாமல் என் மகன் சும்மா நிற்கிறானாம். டிசி கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். நாங்கள் யெகோவாவின் சாட்சிகள் சபை.

அம்மா, உங்கள் வழக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. 1985-ல் கேரளத்தில் உங்கள் சபையைச் சேர்ந்த உடன்பிறந்த பிள்ளைகள் மூவரைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். கீதம் ஒலிக்கும்போது அவர்கள் எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள், அவ்வளவுதான். 1986-ல் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. கீதத்தை மதிக்க வேண்டும் என்பது 51ஏ-வின் முதல் கடமை. மரியாதையாக எழுந்து நிற்பதே மதிப்புதான், கட்டாயம் பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றது தீர்ப்பு. 1971-ன் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமும், மற்றவர்கள் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும் அந்தக் கூட்டத்தில் இடையூறு செய்பவரையும்தான் தண்டிக்கிறது.

பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று கேட்டு நகல் எடுங்கள். தலைமை ஆசிரியரிடம் பொறுமையாகக் காட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்துமூலம் மனு கொடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு தேர்வர்: ஐயா, கடமைகள் மொத்தம் 10 தானே?

மேலே பாருங்கள்.

மதுரை இளைஞர்: கடமைகளை வைத்துத் தண்டிக்க முடியாது என்கிறீர்கள். 2014-ல் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, உயிர்களிடம் பரிவு காட்ட வேண்டும் என்ற 51ஏ(ஜி)-யைத்தானே காட்டினார்கள்?

இதற்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் சொல்லும் 2014 வழக்கில், அதாவது உச்ச நீதிமன்றத்தின் நாகராஜா வழக்கில், (ஜி)-யைக் காட்டி ஒரு மாடுபிடி வீரரைக்கூட உள்ளே தள்ளவில்லை. நீதிமன்றம் கையில் எடுத்தது 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதோடு (ஜி)-யையும், மனிதநேயத்தைச் சொல்லும் (எச்)-ஐயும் சேர்த்துப் படித்தது. தமிழ்நாட்டின் 2009 ஜல்லிக்கட்டுச் சட்டம் அந்த மத்தியச் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. அடித்தது சட்டம். அதற்கு என்ன பொருள் கொள்வது என்று வழிகாட்டியது கடமை. 51ஏ பெரும்பாலும் இப்படித்தான் நீதிமன்றத்துக்குள் வருகிறது.

கோவை வாசகி: அப்படியென்றால் 2023-ல் ஜல்லிக்கட்டு செல்லும் என்று தீர்ப்பு வந்தபோது அதே (ஜி) எங்கே போனது? காளைக்கு வலிப்பது நின்றுவிட்டதா?

மதுரை இளைஞர்: பண்பாட்டு மரபைப் பேணுவதும் 51ஏ(எஃப்)-ல் கடமைதான் மேடம். காளை வளர்ப்பவர் வீட்டுக்கு ஒரு நாள் வந்து பாருங்கள்.

கோவை வாசகி: வீட்டில் பாசம் இருக்கட்டும், நான் வாடிவாசலைப் பற்றிக் கேட்கிறேன்.

இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். (எஃப்) பெரிதா, (ஜி) பெரிதா என்று அரசமைப்புச் சட்டம் வரிசைப்படுத்தவில்லை. 2017 போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு திருத்தச் சட்டம் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியது. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் (ஜி), (எச்) இரண்டுக்கும் எதிரானதல்ல என்றார்கள். இது பண்பாடா இல்லையா என்று தாங்கள் ஆராய்வதைவிட சட்டமன்றத்தின் முடிவை ஏற்பதே சரி என்றார்கள். புதிய சட்டமும் விதிகளும் வதையை வெகுவாகக் குறைக்கின்றன என்பது அவர்கள் கணக்கு. அதனால் விதிகளைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி மாவட்ட நிர்வாகத்தைப் பொறுப்பாக்கினார்கள்.

என்னைக் கேட்டால், கோவை அம்மாவின் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் டெல்லியில் அல்ல. கால்நடை மருத்துவர் பரிசோதிக்காமல் ஒரு காளை களத்துக்கு வந்தால், அங்கே தவறுவது அந்தத் தீர்ப்பின் அடிப்படையே. மதுரைத் தம்பி மரபைப் பேண ஆசைப்பட்டால் முதலில் அதைத் தட்டிக் கேட்கட்டும். அம்மா அதைப் படம் பிடித்து ஆட்சியருக்கு அனுப்பட்டும். இதற்கு மேல் ஜல்லிக்கட்டு வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தஞ்சாவூர்: கூட்டுப் பட்டாவில் என் பெயர் விட்டுப்போச்சு சார்.

தாலுகா அலுவலகம் போங்கள். முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

சேலம் ஆசிரியர்: நெருக்கடி நிலையில் புகுத்திய கடமைகளை ஜனதா அரசு ஏன் விட்டுவைத்தது?

நல்ல கேள்வி. 42-வது திருத்தம் செய்த பலவற்றை 1978-ல் 44-வது திருத்தம் மாற்றியது, 51ஏ-வைத் தொடவில்லை. தண்டனைப் பல் இல்லாத பிரிவு, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். எனக்கு அது அப்படி இருப்பதுதான் பிடித்திருக்கிறது. அவ்வப்போது யாராவது ‘கடமைகளைக் கட்டாயமாக்குங்கள்’ என்று கிளம்புகிறார்கள். நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதும் கடமை, விடுதலைப் போராட்ட இலட்சியங்களைப் போற்றுவதும் கடமை. இவற்றுக்குத் தண்டனை வைத்தால் யார் போற்றவில்லை என்று யார் தீர்மானிப்பது? காவல் நிலைய எழுத்தரா?

மற்றொரு தேர்வர்: பத்தா பதினொன்றா சார்? ப்ளீஸ்.

பதினொன்று, பதினொன்று, பதினொன்று. கடமைகளை எந்த நாட்டைப் பார்த்து எடுத்தார்கள் என்று அடுத்து நீங்கள் கேட்கப்போவதற்கும் பதில்: சோவியத் ஒன்றியம்.

சிங்கப்பூர் வாசகர்: குடியுரிமை மாறி, இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான ஓசிஐ அட்டை வைத்திருக்கிறேன். எனக்கும் இந்தக் கடமைகள் உண்டா?

இல்லை. 51ஏ இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது. ஆனால் ஊருக்கு வந்து பேருந்துக் கண்ணாடியை உடைத்தால் 1984-ன் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் பாஸ்போர்ட் நிறம் பார்க்காது.